பிருடைக்கு கிரீஸ் வைத்த வீடு

வீணையில் கம்பியை ஏற்றவும் இறக்கவும் ஒரு மரத் திருகு இருக்கும். அதற்குப் பிருடை என்று பெயர். ஏழு கம்பிக்கு ஏழு பிருடை. துளைக்குள் செருகிய வெறும் மரத் துண்டு அது. மரை கிடையாது, ஆணி கிடையாது, பசை கிடையாது. மரமும் மரமும் உரசிக்கொண்டு நிற்பதால்தான் கம்பி நிற்கிறது. இதை யோசித்தவர்கள் காவிரிக் கரையில் ஐப்பசி மாதத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயேதான் உட்கார்ந்து யோசித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதிலிருந்து எனக்குக் கோபம் இன்னும் அதிகம்.

மழைக்காலத்தில் மரம் ஊதும், பிருடை இறுகிப்போகும். கோடையில் சுருங்கும், பிருடை நழுவும். நடுவில் தை மாதம் சில வாரங்கள் ஒழுங்காக இருக்கும். அந்த வாரங்களில் எங்கள் கல்லூரியில் பரீட்சை வைக்க மாட்டார்கள்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். பள்ளியில் நன்றாகப் பாடுவேன் என்று பெயர் இருந்ததால் இசைக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டேன். வாய்ப்பாட்டில் இடம் நிரம்பிவிட்டது, வீணையில் இருக்கிறது என்றார்கள். கேட்ட விதைநெல் இல்லையென்றால் இருக்கிற ரகத்தை வாங்கிக்கொண்டு வருவதில்லையா, அப்படிச் சேர்ந்தேன். கும்பகோணத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் பழைய வீணை ஒன்று கிடைத்தது. அப்பாவும் சித்தப்பாவும் அதை வைக்கோல் பரப்பிய டாடா ஏஸில் ஏற்றி, பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணை அழைத்து வருகிற மாதிரி மெதுவாகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மூன்றாம் வருடம் படிக்கும்போது மன்னார்குடியில் ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவில் வாசித்தேன். விழா முடிந்து பள்ளியின் தாளாளர் கூப்பிட்டார். "தம்பி, எங்களுக்கு மியூசிக் சார் வேணும். டிகிரி கையில இருந்தா ஜூன்ல வந்து சேர்ந்துடுங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துடுவோம், ஸ்கூல் திறந்தப்புறம் காத்திருக்க முடியாது" என்றார். ஜூனுக்குள் எல்லாப் பரீட்சையும் தேற வேண்டும். தேறினால் எங்கள் குடும்பத்தில் முதல் வாத்தியார். விஷயம் அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே வந்தது ஏழு மரத் துண்டு.

நவம்பர் பரீட்சைக்குப் படிக்க வீணையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அடைமழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. நான்காவதான தடித்த அனுமந்தரக் கம்பியின் பிருடை இறுகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. "அப்படியே விட்டுடுப்பா, நான் வந்து பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஹால் டிக்கெட் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். அப்படியே விடு என்றால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் விட்டதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பம்புசெட் மெக்கானிக்கான என் சித்தப்பா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பேனர் பெட்டி. கம்பிகள் ஏழும் தனித்தனியாகச் சுருட்டி, கட்டுக்கம்பியால் கட்டி, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கம்பிகளைத் தாங்க வேண்டிய குதிரை தனியாக ஜன்னலில் இருந்தது.

"வாடா. இப்ப சுத்திப் பாரு. ஒரு விரலால சுத்தலாம்" என்றார் சித்தப்பா.

சுத்திப் பார்த்தேன். ஒரு விரலால் சுத்தியது. விரலில் பழுப்பாக ஒட்டியது.

"என்ன சித்தப்பா இது?"

"கிரீஸ்டா. பேரிங் கிரீஸ், நல்ல அயிட்டம். ஏன்டா, இத்தனை வருஷமா இதுக்கு ஒருத்தன்கூடவா கிரீஸ் வைக்கல? உள்ள மரம் அப்படியே காஞ்சு கிடக்கு."

"எதுக்கு வச்சீங்க?"

"இறுகிப் போயிருந்துச்சுல்ல. அனுமந்தரமோ ஆஞ்சநேயரோ, அது மட்டும்தான் இறுகியிருந்துச்சு. ஒண்ணுக்கு வச்சுட்டு மத்ததை விட்டா நல்லா இருக்காதுன்னு ஏழுக்கும் வச்சுட்டேன்."

எங்கள் வீட்டில் சுற்றுகிற எந்தப் பொருளும் கிரீஸ் இல்லாமல் இருந்ததில்லை. பவர் டில்லர், மோட்டார், வாய்க்கால் மதகின் ஷட்டர் திருகு, அம்மாவின் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் ஆயுதபூஜைக்கு முன்னால் சித்தப்பா வந்து வைத்துவிட்டுப் போவார். சுற்றுகிறது என்றால் கிரீஸ். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"சித்தப்பா, இது வழுக்கக் கூடாது."

"சுத்தணும்ல?"

"சுத்தணும். ஆனா சுத்தின இடத்துலயே நிக்கணும்."

"டேய், சுத்தணுமா நிக்கணுமா, ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டும் எப்படிப்பா முடியும்?" என்று அப்பா கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். எனக்கு அப்போது பதில் சொல்கிற பொறுமை இல்லை. "படிச்ச எங்களுக்கே முடியல" என்று கத்திவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து, "ஏன்டா கத்துற? நல்லதுக்குத்தானே செஞ்சாங்க" என்றாள். நல்லதுக்குச் செய்தார்கள் என்பதுதான் பிரச்சினை. கெட்டதுக்குச் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நிக்கணும்னா ஒரு லாக் நட்டு போட்டுடலாம்டா" என்றார் சித்தப்பா. நான் வீணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

துடைத்தேன். சாக்பீஸ் தூள் தடவினேன். மழை ஈரத்தில் மரம் ஊதியிருந்ததால் கம்பி ஓரளவு நின்றது. சரி, தப்பித்தோம் என்று நினைத்து மூன்றாம் நாள் பரீட்சைக்குப் போனேன். கல்லூரியில் அந்த அறையில் நான்கு ஃபேன், நாலும் முழு வேகத்தில் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தன. மேடை மாதிரிப் போட்டிருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்து, வர்ணம் ஆரம்பித்தேன். அனுபல்லவி தாண்டவில்லை. சாரணிக் கம்பி, அதாவது பாட்டையே வாசிக்கிற முதல் கம்பி, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அறுந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். இது வெட்கப்பட்டு உட்காருகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நிறுத்தினேன், ஏற்றினேன். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை பிருடையே கழன்று கையோடு வந்துவிட்டது. எக்ஸ்டர்னலாக வந்திருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

அரியர் விழுந்தது. ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். எழுத என்று சொல்வது பழக்கம், வாசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஊரில் இருக்கிற எல்லோருக்கும் பிருடையைப் பற்றி ஒரு யோசனை இருப்பது எனக்குத் தெரியவந்தது. சித்தப்பா பெட்ரோல் விட்டுக் கழுவச் சொன்னார். கழுவினோம், கிரீஸ் இன்னும் உள்ளே போய்விட்டது. ஹாஸ்டல் அறைத்தோழன் பவுடர் போடச் சொன்னான். வீணை வாசிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டேன். சென்னையிலிருந்து ஒரு அம்மா, "வீணையை எப்போதும் ஏசி அறையில் ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினையே வராது" என்று எழுதினார், கை கூப்பும் படத்தோடு. எங்கள் வீட்டில் கரண்டே ஒரே சீராக வராது. இன்னொருவர், "பிருடையோடு பேசப் பழகுங்கள், அது உங்களுக்குக் கட்டுப்படும்" என்றார். நான் பேசிய பேச்சை எல்லாம் இங்கே எழுத முடியாது.

எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த மேடமும் அந்தக் கட்சிதான். நல்லவர், பரீட்சைச் சமயத்தில் தன் சாப்பாட்டில் பாதியை எங்களுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் பிருடை என்று வந்தால் பேச்சே மாறிவிடும். "பிருடை பிடிக்கப் பொறுமை இல்லாத கைக்கு கமகம் எங்கேர்ந்துப்பா வரும்?" என்பார். எனக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் அடக்க முடியாது. நாற்றங்காலில் நாள் முழுக்க முதுகு வளைத்து நாற்றுப் பறித்தவன் நான். பொறுமையாக இருப்பதற்கும் வழுக்குகிற கட்டையைத் தள்ளிக்கொண்டே இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அழிந்துபோகிற கலை என்று எழுத வருகிறவர்களுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். வாசலில் பார்சல் போகக் காத்திருக்கும் ஆறேழு வீணை, காதில் ஒரு போன், கையில் ஒரு போன் என்று முதலாளி உட்கார்ந்திருந்தார். பிருடையை உருவி மோந்து பார்த்தார்.

"கிரீஸா?"

"ஆமாண்ணே."

"யாரு, அப்பாவா?"

"சித்தப்பா."

"போன மாசம் ஒருத்தர் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டாந்தாரு. உங்க சித்தப்பா பரவாயில்ல, கம்பெனி அயிட்டம் போட்டிருக்காரு." பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஒரு டப்பாவிலிருந்து கிட்டாருக்குப் போடுகிற இரும்புச் சாவிகளை எடுத்துத் தரையில் போட்டார். பல்சக்கரம் வைத்து, நிக்கல் பூசி, பளபள என்று இருந்தன. "கீ போட்டுக்கங்க தம்பி. ஃபாரின் போறதுக்கெல்லாம் இப்ப இதான். மழையாவது வெயிலாவது."

"பாக்க சைக்கிள் சாமான் மாதிரி இருக்கேண்ணே. காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப இன்னொண்ணு இருக்கு" என்று போனைக் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் லூட் என்று ஒரு பழங்காலத்து வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாதி பேரிக்காய் மாதிரி உடம்பு, பின்னால் மடங்கிய கழுத்து, அதில் வரிசையாக ஏகப்பட்ட பிருடைகள். "வெளிய பாத்தா மரப் பிருடை. உள்ள கியரு. நாலு சுத்து சுத்துனா உள்ள ஒரு சுத்து சுத்தும். நழுவவே நழுவாது. அவங்க ஊர்லயும் இது கூடாதுன்னு ஒரு கோஷ்டி சண்டை போடுதாம், கீழ கமெண்ட்ல பாருங்க."

பார்த்தேன். கடல் தாண்டியும் இதே ஆட்கள்தான் இருந்தார்கள். ஒரு வகையில் ஆறுதல்.

கல்லூரி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பாடத்திட்டத்தை எடுத்துப் படித்தேன். 'கருவியைச் சுருதி சேர்த்தல்' என்று மட்டும் இருந்தது. எதைக் கொண்டு என்று இல்லை. எங்கள் வீட்டில் சந்தேகம் என்றால் மனு எழுதுவதுதான் வழக்கம். பட்டாவில் பெயர் தப்பென்றால் மனு, மதகு உடைந்தால் மனு, ஜமாபந்தி நடக்கிற நாளில் அப்பா சட்டைப் பையில் மனு இல்லாமல் வெளியே போனதில்லை. நானும் ஒரு மனு எழுதினேன். பல்சக்கரம் உள்ளடங்கிய பிருடையைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பணிவோடு கேட்டு, வீணையின் படம் ஒன்றும் வரைந்து இணைத்தேன். அலுவலகத்தில் வாங்கியவர் இரண்டு தடவை படித்தார். "மரம், துளை, திருகுன்னு எழுதியிருக்கீங்க. இதை எந்த ஃபைல்ல வைக்கிறது? கட்டடப் பராமரிப்புலயா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பதில் வரவில்லை. மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை என் மனுவையே காணோம்.

சரி, பதில் இல்லையென்றால் தடையும் இல்லை என்று முடிவு செய்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தை மகனிடம் சொன்னேன். சித்தப்பா வெர்னியர் வைத்துத் துளையை அளந்து கொடுத்தார். செல்லோ வாத்தியத்துக்குப் போடுகிற அளவு சரியாக இருந்தது. அத்தை மகன் பொங்கலுக்கு வந்தபோது நான்கு கொண்டுவந்தான்.

"டேய் மச்சான், ஏர்போர்ட்ல பையத் திறந்து என்ன இதுன்னு கேக்குறான். வீணைக்குன்னேன். வீணைன்னா என்னன்னான். கையால காத்துல வாசிச்சுக் காட்டுறேன், பின்னாடி இருக்கவன்லாம் சிரிக்கிறான். உனக்காக இந்த மானக்கேடு வேற."

சித்தப்பா அதில் ஒன்றை வாங்கிக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். "இதைத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். அவர் சொன்னது லாக் நட்டு. ஆனால் வீடு முழுக்க அவர் பக்கம் தலையாட்டியது.

பட்டறையில் இன்னொரு சிக்கல். கிரீஸ் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. ஆகவே கிரீஸ் போகிறவரை துளையைச் சுரண்டிப் பெரிதாக்கி, புது பலாக்கட்டையை வைத்து அடைத்து, அது காய்ந்த பிறகு புதிதாகத் துளை போட வேண்டும். "போட்டுட்டா திரும்ப பழைய பிருடை வைக்க முடியாது, யோசிச்சுக்கங்க" என்றார் முதலாளி. "யோசிக்க இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். துளைப்பான் இறங்கும்போது வெளியே போய் டீக்கடையில் நின்றுகொண்டேன். பக்கத்துக் கம்பிகள் மூன்றுக்கும் கியர் வேண்டாம் என்று புது மரப் பிருடையே போட்டார். அவை தாளத்துக்கு மீட்டுகிற சின்னக் கம்பிகள். அவ்வளவு இழுப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்த்தேன். நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாவது நாள் எழுந்து மீட்டினால், விட்ட இடத்திலேயே இருந்தது. எத்தனை மாதம், எத்தனை சாக்பீஸ், எத்தனை உபதேசம்! சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்கு அழுகை வந்தது.

கல்லூரியில் மேடம் என் வாசிப்பைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக் கேட்டார். "சுருதி சுத்தமா நிக்குதுப்பா. பாத்தியா, பொறுமையாப் பிடிச்சா பிருடை நிக்கும்னு நான் சொன்னேன்ல?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. "மேடம், அது கியர்" என்றேன். பிருடையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"இதை ஏன் எங்கிட்ட சொன்னே?"

"நீங்க பாராட்டினீங்களே மேடம்."

"தெரியாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இப்ப தெரிஞ்சும் விட்ட மாதிரி ஆகுதுல்ல? எக்ஸ்டர்னல் கேட்டா என்னை இழுக்காதே, சொல்லிட்டேன்."

கியர் வைத்ததைவிட, அதைச் சொன்னதுதான் அவருக்குக் குற்றமாகப் போய்விட்டது.

ஏப்ரல் வந்தது. சித்திரை வெயிலில் வயல் வெடித்துக் கிடந்தது. பரீட்சை அறையில் அதே நான்கு ஃபேன். எக்ஸ்டர்னல் வேறொருவர், வெளியூர்க்காரர், வெள்ளை ஜிப்பா, பேச்சில் தன்மை. வீணைப் பரீட்சையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவன் சேர்த்துக்கொண்டு வந்த சுருதியைத் தேர்வாளர் தன் கையால் கலைத்துவிட்டு, "ம், சேருங்க" என்பார். அவர் என் வீணையின் சாரணிப் பிருடையைப் பிடித்து, வழக்கமான ஒரு திருகு திருகிவிட்டு நகர்ந்தார். மீட்டினேன். கம்பி தொய்ந்து தொங்கியிருக்க வேண்டும். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. திரும்பி வந்தார். இன்னொரு திருகு. இன்னொன்று.

"என்ன தம்பி இது? பிருடை சுத்துது, சுருதி இறங்க மாட்டேங்குது?"

இன்டர்னலாக உட்கார்ந்திருந்த மேடம் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

"உள்ள கியர் இருக்கு சார்."

அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பரீட்சை. மரப் பிருடையில சேர்க்கத் தெரியுமா தெரியாதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா இது எதுக்கு?"

"தெரிஞ்சுதான் சார் போன தடவை ஃபெயிலானேன்."

வாய் தவறித்தான் வந்தது. வெளியே வரிசையில் நின்றிருந்தவர்கள் சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கல்லூரி வீணை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "இதுல சேருங்க. சேர்த்துட்டு இதுலயே வாசிங்க."

என் வீணையை ஓரமாக வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். மன்னார்குடிக்காரர் வேறு ஆள் பார்த்துவிடுவார் என்ற நினைப்பு மட்டும்தான் மண்டையில் இருந்தது. சாரணியைச் சேர்த்தேன், நின்றது. பஞ்சமம் நின்றது. மந்தரம் இரண்டு தடவை நழுவி மூன்றாவதில் நின்றது. அனுமந்தரம் நிற்கவில்லை. சித்திரையில் சுருங்கிய கட்டை. துளைக்குள் லொடலொட என்று ஆடியது. சாக்பீஸ் கேட்டு வாங்கித் தடவினேன். உள்ளே தள்ளித் திருகினேன். ஏறும், கையை எடுத்தால் இறங்கும்.

"தள்ளிச் சுத்துங்க" என்றார்.

"தள்ளித்தான் சார் சுத்துறேன்."

"அப்படி இல்ல. உள்ள தள்ளிக்கிட்டே சுத்தணும்."

"அதையேதான் சார் பண்றேன்."

"நகருங்க."

நகர்ந்தேன். அவர் ஜிப்பாக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தள்ளிச் சுற்றினார். ஏறியது. கையை எடுத்தார், இறங்கியது. மறுபடி. "சாக்பீஸ் ஈரமா இருக்கு" என்றார். வேறு சாக்பீஸ் வந்தது. "ஃபேனை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினார்கள். நெற்றியிலிருந்து சொட்டிய வேர்வை வீணைக் குடத்தில் விழுந்தது. மேடம் ஜன்னலை விட்டுவிட்டு வந்து, "சார், கொஞ்சம் இப்படிப் பிடிச்சா" என்று ஒரு யோசனை சொன்னார். மேடம் ஒரு பக்கம் பிடிக்க, தேர்வாளர் தள்ள, கம்பி ஏறிக்கொண்டே போய் டங்கென்று அறுந்தது.

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேர்வாளர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார், லேசாகக் கீறியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். சத்தியமாக இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் மேல் பாவமாக இருந்தது, அந்தக் கட்டையின் மேல்தான் ஆத்திரம். இத்தனை படித்தவர்கள், இத்தனை வருடம், ஒரு கட்டையைத் தள்ளிக்கொண்டு.

"ஃபேனைப் போடுங்க" என்றார் கடைசியில். "உங்க வீணையை எடுங்க."

எடுத்தேன். அவர் கலைத்ததைச் சேர்த்தேன். ஒரு தடவை அதிகமாக ஏற்றி இறக்கினேன். வர்ணம் வாசித்தேன். இந்தத் தடவை சரணம் தாண்டி முடிவுவரை போயிற்று. இரண்டு ராகம் கேட்டார், வாசித்தேன். ஒன்றில் ஒரு பிரயோகம் பிசகியது. அதை அவர் சொல்லித் திருத்தினார், நியாயமாகவே. "சரி, போங்க" என்றார். எழுந்து வரும்போது என் பிருடையை இன்னொரு தடவை பார்த்தார் என்று தோன்றியது.

பாஸ். கரையில் ஒதுங்கிய பாஸ். சுருதி சேர்த்தலுக்குப் பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தார் என்று மேடம் பிறகு சொன்னார். மரப் பிருடையில் மூன்று கம்பி சேர்த்ததற்காகப் பாதியா, கியரில் சேர்த்ததற்காகப் பாதியா என்று கேட்டேன். "வாங்கினதை வச்சுக்கப்பா, வம்பு வளர்க்காதே" என்றார்.

ஜூனில் மன்னார்குடிப் பள்ளியில் சேர்ந்தேன். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். இசை அறை மாடியில் இருந்தது. உறை போட்ட இரண்டு வீணைகள் சுவரோரம். உறையைக் கழற்றினேன். இரண்டிலும் மரப் பிருடைகள். ஏழாம் வகுப்புப் பெண்கள் முப்பது பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது நிமிட பீரியட். முதல் வீணையில் இரண்டு கம்பி சேர்ப்பதற்குள் முப்பது நிமிடம் போனது.

"சார், எப்ப சார் வாசிப்பீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இதுவும் பாடம்தாம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மத்தியானம் தலைமையாசிரியையிடம் போய், பிருடையெல்லாம் மாற்ற வேண்டும், இதை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது என்றேன்.

"இப்பத்தானே சார் சேர்ந்திருக்கீங்க? இதுக்கு முன்னாடி இருந்த மிஸ் இதைப் பத்தி ஒரு நாள்கூட கம்ப்ளைன்ட் பண்ணதில்லையே" என்றார்.

"அவங்க எப்படி மேடம் சமாளிச்சாங்க?"

"அவங்க பாட்டுதான் சொல்லிக் குடுத்தாங்க. வீணையை யாரும் தொட்டதில்ல. இன்ஸ்பெக்ஷன் வர்றப்ப மட்டும் உறையைக் கழட்டி வைப்போம்."

அடுத்த பீரியட் மணி அடித்தது. எட்டாம் வகுப்பு மாடி ஏறிக்கொண்டிருந்தது. நான் அலுவலக அறை மேசையிலிருந்து இரண்டு சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறினேன்.